காற்றில் தொங்காத பூட்டு

பெருவிரைவு ரயில் நிலையம், நூலகம், கடைத்தொகுதி என்று எங்கு போனாலும் நம் கைப்பேசி முதலில் தேடுவது இலவச வைஃபையைத்தான். சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டிலிருந்தே பொது இடங்களில் இச்சேவை கிடைக்கிறது. அதன் பாதுகாப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நான், நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் குலியெல்மோ மார்க்கோனி.

மார்க்கோனி 1874ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோனியா நகரில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் அயர்லாந்துக்காரர். இளம் வயதிலேயே மின்காந்த அலைகள் அவரை ஈர்த்தன. 1895இல், 21 வயதில், குடும்ப வீட்டுக்கு அருகே இருந்த குன்றைத் தாண்டி, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பியின்றிச் சமிக்ஞை அனுப்பினார்.

அலைகளைப் பற்றி ஆராய்ந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் போன்றோரும் அதே காலத்தில் முக்கியமான சோதனைகளைச் செய்தனர். ஆய்வுக்கூடத்தில் இருந்ததை வணிகச் சேவையாக மாற்றியதே மார்க்கோனியின் தனித்திறமை. 1896இல் லண்டன் சென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டே நிறுவனம் தொடங்கினார். 1901 டிசம்பர் 12ஆம் தேதி, இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து புறப்பட்ட சமிக்ஞை, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தில் தமக்குக் கேட்டதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 27.

புகழோடு ஒரு கேள்வியும் வந்தது. காற்றில் போகும் செய்தியை வேறு யாராவது ஒட்டுக்கேட்டால் என்ன செய்வது? மார்க்கோனியிடம் பதில் இருந்தது. 1900இல் அவர் பெற்ற 7777 என்ற எண் கொண்ட காப்புரிமை, அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் ஒரே அலைவரிசைக்கு இசைவிக்கும் முறை பற்றியது. அப்படி இசைவித்துவிட்டால் செய்தி பிறர் கைக்குப் போகாது என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

நெவில் மாஸ்கலின் இதை நம்பவில்லை. மேடையில் மந்திர வித்தை காட்டும் குடும்பத்தைச் சேர்ந்த அவர், கம்பியில்லாத் தந்தியிலும் தேர்ந்தவர். கடலடிக் கம்பிவழித் தந்தி நடத்திய நிறுவனம் ஒன்று, மார்க்கோனியின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சி அவரை வேலைக்கு அமர்த்தியது. அவர் போல்டுவுக்கு அருகிலேயே உயரமான கம்பம் நட்டு, மார்க்கோனியின் செய்திகளைப் பிடித்துக் காட்டினார்.

1903 ஜூன் மாதம், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மார்க்கோனியின் ஆலோசகர் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் செயல்விளக்கம் நடத்தினார். போல்டுவிலிருந்து மார்க்கோனியின் செய்தி வரவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு, கருவி வேறு எதையோ தட்டத் தொடங்கியது. எலிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு மார்க்கோனியைக் கிண்டல் செய்யும் பாட்டு. அனுப்பியவர் மாஸ்கலின். கொதித்துப்போன ஃபிளெமிங், நாளிதழுக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். பொதுமக்களுக்கு உண்மை தெரியவேண்டும் என்றே இதைச் செய்ததாக மாஸ்கலின் பதில் எழுதினார்.

இதில் யார் பக்கம் நியாயம்? மாஸ்கலினின் பின்னால் போட்டி நிறுவனத்தின் பணம் இருந்தது உண்மை. ஆனாலும் அவர் காட்டிய ஓட்டை பொய்யாகிவிடாது. குறையைச் சொன்னவரின் நோக்கத்தை விசாரிப்பதற்கு முன், குறை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அலைவரிசை என்பது வீட்டு முகவரி போன்றது; பூட்டு அன்று. முகவரி தெரிந்த எவரும் வாசலுக்கு வரலாம். பூட்டு என்பது குறியாக்கம். வைஃபைக்கு முதலில் தரப்பட்ட ‘வெப்’ என்ற குறியாக்க முறையையும் ஆய்வாளர்கள் 2001இல் உடைத்தார்கள். ஆனால் இம்முறை அந்தக் குறையை ஏற்று வலுவான முறைகள் உருவாக்கப்பட்டன.

மார்க்கோனியின் பிற்கால வாழ்க்கையில் ஒளியும் நிழலும் உண்டு. 1909இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனுடன் இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, அவரது நிறுவனத்தின் தந்தியாளர்கள் அனுப்பிய அபாயச் செய்தியால் 700க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். 1923இல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வின் கறை. 1937இல் ரோம் நகரில் மறைந்தபோது, பிரிட்டனில் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் காத்தன.

கடவுச்சொல் கேட்காத பொது வைஃபை பெரும்பாலும் பூட்டில்லாத வாசல்தான். பழக்கமான பெயரில் போலி இணைப்பு ஒன்றை எவரும் உருவாக்கிவிடலாம். எனவே பெயரை மட்டும் நம்பி இணையாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறக்கக் கைப்பேசியின் சொந்தத் தரவைப் பயன்படுத்துங்கள். இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் தொடராமல் வெளியேறுங்கள். காற்று எல்லாருக்கும் பொது. மார்க்கோனி அதில் செய்தியைப் பறக்கவிட்டார். பூட்டுவது நம் பொறுப்பு.