கால்டுவெல்லின் தொடக்ககால மொழியாய்வும் எதிர்பாரா இடர்ப்பாடுகளும் (1838–1856)

முன்னுரை

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் இலண்டனில் வெளிவந்தபோது இராபர்ட் கால்டுவெல்லுக்கு (1814–1891) வயது 42. அந்நூலின் முடிவுகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஏற்றும் மறுத்தும் பேசப்பட்டு வருகின்றன. அம்முடிவுகளை எய்தும் வழியில் இளம் ஆய்வாளராக அவர் எதிர்கொண்ட இடர்கள் அந்த அளவிற்குக் கருதப்படவில்லை. சென்னையில் அவர் கரையிறங்கிய 1838 முதல் நூல் வெளிவந்த 1856 வரையிலான 18 ஆண்டுகளை நோக்கினால், சில தடைகளை அவர் கடந்தார் என்பதும், சிலவற்றில் இடறினார் என்பதும் புலனாகும்.

பயிற்சியும் பயணமும்

அயர்லாந்தில் ஆன்ட்ரிம் அருகே பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்த கால்டுவெல், இளமையில் டப்ளினில் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சமயப்பணியை விரும்பிக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் விரிவுரைகள் அவருக்கு மொழியொப்பியலில் நாட்டத்தை உண்டாக்கின. இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் அவர் ஏறிவந்த கப்பல் வழியில் ஒரு பிரெஞ்சுக் கப்பலோடு மோதியது. அதே கப்பலில் தெலுங்கறிஞர் சி.பி. பிரௌன் உடன்வந்தமையால், இந்திய மொழிகளைப் பற்றிய முதல் அறிமுகம் கடற்பயணத்திலேயே வாய்த்தது.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்ற கால்டுவெல், 1841இல் ஆங்கிலிக்கத் திருச்சபையில் இணைந்தார். நீலகிரி வழியாகப் பெரிதும் கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமையை அடைந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியில் பணியேற்றார். தாமிரபரணி பாயும் நஞ்சை நிலத்திற்குத் தெற்கே, செம்மணல் தேரியும் பனைகளும் சூழ்ந்த சிற்றூர் அது. நூலகமோ, ஒத்த துறையில் உழைப்போரின் துணையோ அங்கு இல்லை.

சான்றுகளின் பற்றாக்குறை

இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்னும் கருத்து ஐரோப்பிய அறிஞரிடையே அந்நாளில் செல்வாக்குடன் விளங்கியது. தென்னிந்திய மொழிகள் தனியினத்தைச் சார்ந்தவை என்பதைப் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும் 1819இல் அவர் மறைந்தமையால் அம்முயற்சி தொடராமல் நின்றது. அக்கருத்தை விரிவான இலக்கணச் சான்றுகளால் நிறுவும் பணி எஞ்சியிருந்தது.

இங்கே எழுந்த சிக்கல் கடன்சொற்களைப் பற்றியது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றில் வடசொற்கள் மிக்கிருந்தமையால், சொற்பட்டியலை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்ய இயலவில்லை. ஆகவே, எளிதில் கடன்பெறப்படாத மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமை உருபு, வினைத்திரிபு ஆகியவற்றைக் கால்டுவெல் ஒப்பீட்டின் அடிப்படையாகக் கொண்டார். தமிழில் மூன்று, கன்னடத்தில் மூறு, தெலுங்கில் மூடு என வரும் வடிவங்கள் தம்முள் ஒத்து, வடமொழியின் திரி என்பதிலிருந்து விலகி நிற்பது இம்முறையின் வலிமையைக் காட்டும். தமிழே ஏனைய மொழிகளின் தாய் எனக் கொள்ளாமல், அனைத்திற்கும் மூலமான ஒரு தொன்மொழியை அவர் உய்த்துணர்ந்ததும் இம்முறையின் பயனே.

மற்றொரு தடையை அவரால் கடக்க இயலவில்லை. சங்க இலக்கியங்கள் பெரும்பாலும் ஏட்டுச்சுவடிகளிலேயே கிடந்தன. கலித்தொகை 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும்தான் அச்சேறின. இந்நூல்களைக் காணாத நிலையில், தமிழ் இலக்கியத்தின் தொடக்கத்தைச் சமணர் காலத்தோடு பொருத்தி, கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகள் அளவில் அவர் வரையறுத்தார். கிடைத்த நூல்களின் எல்லையையே இலக்கியத்தின் எல்லையாகக் கொண்டதன் விளைவு இது. தோடம், கோத்தம், கோண்டி போன்ற மொழிகளுக்கும் பிறர் திரட்டிய குறிப்புகளையே அவர் சார்ந்திருக்க நேர்ந்தது. திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைக்க அவர் கொண்ட முயற்சியும் பிற்கால ஆய்வில் நிலைபெறவில்லை.

ஆய்வுக்குரியோரே வாசகரானமை

மேற்கூறியவற்றைவிடக் கடுமையான இடர் மொழிக்கு வெளியிலிருந்து வந்தது. இடையன்குடி வட்டாரத்தில் பனைத்தொழிலை வாழ்வாகக் கொண்டிருந்த நாடார் சமுதாயத்தாரின் சமயம், ஒழுக்கம், அறிவுநிலை ஆகியவற்றைப் பற்றி 1849இல் கால்டுவெல் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். எட்டாண்டுப் பழக்கத்தின் அடிப்படையில் எழுதப்பட்ட அந்நூல், இங்கிலாந்திலுள்ள சமயப்பணி ஆதரவாளரையே வாசகராகக் கருதியது. அம்மக்களின் தோற்றம் பற்றிய ஊகங்களும், அவர்களைத் தாழ்த்தும் பொதுக்கூற்றுகளும் அதில் இடம்பெற்றன.

மிஷன் பள்ளிகளே அச்சமுதாயத்தாரிடையே ஆங்கிலம் கற்றோரை உருவாக்கி வந்தன. அவர்கள் அந்நூலைப் படித்தபோது எதிர்ப்பு எழுந்து பல பத்தாண்டுகள் நீடித்தது; முடிவில் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஒப்பிலக்கணத்தில் சான்றுகளை ஒன்றோடொன்று உறழ்ந்து நோக்கியவர், மக்களைப் பற்றி எழுதுகையில் அவர்தம் மறுப்பையும் சான்றாகக் கொள்ளவில்லை. அவ்வாண்டுகளின் பெருங்குறை இதுவே எனலாம்.

திருத்தமும் தொடர்ச்சியும்

உடல்நலம் குன்றி 1854இல் தாயகம் சென்ற கால்டுவெல், அங்கிருந்தபோதே ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பின் இடையன்குடிக்குத் திரும்பி, புதிய செய்திகளைச் சேர்த்து 1875இல் இரண்டாம் பதிப்பைக் கொணர்ந்தார். அதில் திராவிட மொழிகளின் எண்ணிக்கை 12 ஆயிற்று. பெயராய்வைக் களச்சான்றோடு பொருத்தும் போக்கும் அக்காலத்தில் வளர்ந்தது. தாலமி குறித்த கொல்கோய் என்பதைக் கொற்கை எனக் கொண்ட அவர், அவ்வூரிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்தார். தாமிரபரணியின் வண்டல் படிந்து கடல் விலகியமையால் பழந்துறைமுகம் உள்நாட்டூராயிற்று என்னும் விளக்கம், 1881இல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் இடம்பெற்றது.

முடிவுரை

கால்டுவெல் கடந்த தடைகள் முறையியலால் கடக்கப்பட்டவை. கடன்சொல்லையும் உறவுச்சொல்லையும் பிரித்தறிய அவர் கொண்ட அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அவர் கடவாத தடைகளுள் சிலவற்றைப் பின்வந்தோர் நீக்கினர்: உ.வே. சாமிநாதையர், சி.வை. தாமோதரம் பிள்ளை ஆகியோரின் பதிப்புகள் இலக்கியக் காலக்கணிப்பை மாற்றின. தோடம், கோத்தம் ஆகியவற்றை 1930களில் எமனோ நேரில் ஆராய்ந்தார். 1849ஆம் ஆண்டுச் சிறுநூல் எழுப்பிய சிக்கலோ பிறர் உழைப்பால் தீர்வதன்று. ஆய்வுக்குத் தரவளிக்கும் மக்களையே அவ்வாய்வின் முதல் வாசகராகக் கருதும் கடமை, களத்தில் இறங்கும் ஒவ்வோர் ஆய்வாளர்க்கும் உரியதாகும்.