இசைவாணர் ஸ்காட் ஜாப்ளின்

கலைத்துறையில் அருந்திறல் படைத்தோருள் சிலர் தம் வாழ்நாளிலேயே பெரும்புகழ் எய்துகின்றனர். வேறு சிலரோ உழைத்து ஓய்ந்து, உலகத்தாரால் மறக்கப்பட்டு, நெடுங்காலம் கழிந்த பின்னரே போற்றப்படுகின்றனர். இவ்விரு நிலையையும் கண்டவர் அமெரிக்க நாட்டு இசைவாணர் ஸ்காட் ஜாப்ளின். இளமையில் சிறிது புகழ் அவரை வந்தடைந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அவர் மறைந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் சென்ற பின், ஒரு திரைப்படத்தின் இசையே அவர் பெயரை மீண்டும் உலகெங்கும் பரப்பியது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பிணித்திருந்த அடிமைத்தளை 1865ஆம் ஆண்டில் அறுபட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ 1868இல், டெக்ஸாஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியில் ஜாப்ளின் பிறந்தார். தந்தையார் ஜைல்ஸ் அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்றவர்; இருப்புப்பாதைத் தொழிலாளியாய் வேலை செய்தவர். அவர் வயலின் வாசிப்பார். அன்னையார் புளோரன்சு பாடுவதிலும் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியை மீட்டுவதிலும் வல்லவர். வீட்டில் செல்வம் இல்லை. ஆயினும் இசை இருந்தது.

குடும்பம் டெக்ஸார்கானா என்னும் நகரில் குடியேறியது. அன்னையார் செல்வர் இல்லங்களில் துப்புரவுப் பணி செய்து பொருள் ஈட்டினார். வேலைக்குச் செல்லும்போது மகனையும் உடன் அழைத்துச் செல்வார். அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, சிறுவன் அவ்வில்லத்திலிருந்த பியானோவில் விரல் பழகுவான். அவனது திறமையைக் கண்டு வியந்தவர் ஜூலியஸ் வைஸ் என்னும் ஜெர்மானிய இசையாசிரியர். நிறவேற்றுமை மலிந்திருந்த அக்காலத்தில், அவர் அவ்வேழைச் சிறுவனுக்குக் கூலி பெறாமலே கற்பித்தார். ஐரோப்பிய இசை மேதைகளின் படைப்புகளை அறிமுகம் செய்வித்தார். இசை பொழுதுபோக்கு மட்டுமன்று, உயர்ந்த கலையும் ஆகும் என்னும் உணர்வு ஜாப்ளினின் உள்ளத்தில் அன்றே வேரூன்றியது.

இளைஞரானதும் அவர் ஊர் ஊராகச் சென்று வாசித்துப் பிழைத்தார். பின்னர் மிசூரி மாநிலத்துச் செடாலியா நகரில் தங்கினார். அங்கிருந்த கறுப்பின மாணவர்க்கான கல்லூரியில் இசை பயின்றார். தாமும் இளைஞர்க்குக் கற்பித்தார். அக்காலத்தில் கறுப்பின மக்களிடையே ராக்டைம் என்னும் இசைமுறை வழங்கிவந்தது. அதனைப் பியானோவில் வாசிப்போரின் இடக்கை தாளம் தவறாது சீராக நடைபோடும். வலக்கையோ அத்தாள அடிகளுக்கு இடையே, எதிர்பாராத இடங்களில் அழுத்தம் கொடுத்துத் துள்ளிச் செல்லும். கட்டுப்பாடும் விளையாட்டும் ஒன்றோடொன்று கைகோத்து நடப்பதே அவ்விசையின் அழகு.

1899ஆம் ஆண்டில் ஜாப்ளினின் 'மேப்பிள் லீப் ராக்' அச்சாகி வெளிவந்தது. பாட்டின் உரிமையைச் சிறு தொகைக்கு ஒரேயடியாக விற்றுவிடுவதே அக்கால வழக்கம். ஜாப்ளினோ விற்பனையாகும் ஒவ்வொரு படிக்கும் ஒரு சென்ட் பெறுமாறு பதிப்பாளர் ஜான் ஸ்டார்க்குடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அப்படைப்பு நாடெங்கும் பரவியது. 1902இல் 'தி எண்டர்டெய்னர்' வெளிவந்தது.

எனினும் ஜாப்ளினுக்கு ஒரு குறை இருந்தது. மதுக்கடைகளில் ஒலித்த இசை என்பதனால் ராக்டைமைப் பலர் இழிவாகக் கருதினர். வாசிப்போரோ விரைவையே திறமை எனக் கொண்டு அதன் நயத்தைக் கெடுத்தனர். ஆகவே, விரைந்து வாசித்தல் தகாது என்னும் எச்சரிக்கையைத் தம் இசைத்தாள்களில் அவர் அச்சிடச் செய்தார். 1908இல் பயிற்சி நூல் ஒன்றும் வெளியிட்டார். தம் மக்களின் இசையை உயர்ந்த அரங்குகளில் ஏற்றவேண்டும் என்பதே அவர்தம் பெருவிருப்பம். 1903இல் அவர் இயற்றிய முதல் இசை நாடகத்தின் பிரதி பின்னர் மறைந்தொழிந்தது, இன்றளவும் கிடைக்கவில்லை. மறு ஆண்டில் மணந்த மனைவி பிரெடியும் சில வாரங்களிலேயே நோயுற்று மாண்டார்.

துயரம் அவர் ஊக்கத்தை அழிக்கவில்லை. நியூயார்க் நகரை அடைந்து, 'டிரீமனிஷா' என்னும் இசை நாடகத்தை இயற்றினார். கல்வி கற்ற கறுப்பினப் பெண் ஒருத்தி, மூடநம்பிக்கையில் மூழ்கிய தன் மக்களை நல்வழிப்படுத்தும் கதை அது. பதிப்பிப்பார் இல்லாமையால் 1911இல் தம் பொருளைச் செலவிட்டுத் தாமே அச்சிட்டார். 1915இல் அது ஒருமுறை நிகழ்த்திக் காட்டப்பட்டது. உடையலங்காரம் இல்லை, திரைச்சீலை இல்லை, இசைக்குழுவும் இல்லை. ஜாப்ளின் ஒருவரே பியானோ வாசித்தார். அதனை ஏற்று ஆதரிப்பார் எவரும் இலர். உள்ளம் உடைந்து, கொடிய நோயாலும் நலிந்த அவர், 1917ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

ஆண்டுகள் பல உருண்டன. ஆராய்ச்சியாளரும் பியானோக் கலைஞருமாகிய சிலரே அவரை நினைவிற் கொண்டிருந்தனர். 1970இல் ஜாஷுவா ரிப்கின் என்பவர் ஜாப்ளினின் படைப்புகளை, அவர் விரும்பிய நிதானத்தோடு வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். 1973இல் ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய 'தி ஸ்டிங்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. அதற்கு மார்வின் ஹாம்லிஷ், ஜாப்ளினின் இசையையே தழுவிப் பின்னணி அமைத்தார். கதை நிகழ்வது 1936இல். இசையோ அதற்கு முப்பது ஆண்டுகள் முற்பட்டது. ஆயினும் இரண்டும் இனிது பொருந்தின. படம் காணச் சென்றோர், இவ்வின்னிசையை இயற்றியவர் யாவர் என வினவலாயினர். தழுவல் இசைக்கான ஆஸ்கார் பரிசை 1974இல் அப்படம் பெற்றது. 'தி எண்டர்டெய்னர்' இல்லந்தோறும் ஒலித்தது.

அதே ஆண்டில் ஜாப்ளினின் கல்லறையில் பெயர்க்கல் நாட்டப்பெற்றது. 1972இல் அட்லாண்டாவில் முதன்முறையாக மேடையேறியிருந்த 'டிரீமனிஷா', 1975இல் ஹூஸ்டன் நகரில் முழு அலங்காரத்துடன் அரங்கேறியது. மறு ஆண்டில் புலிட்சர் குழுவினர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினர். அன்று ஆதரிப்பார் இன்றி ஒடுங்கிய இசை, இவ்வாறு அவர் விரும்பிய அரங்கையே சென்றடைந்தது.

பாராட்டுவார் இல்லை என்று ஜாப்ளின் தம் பணியைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. உயர்ந்தது எனத் தாம் கண்டதைக் கைவிடவும் இல்லை. அவர் எழுதி வைத்த தாள்கள் இருந்தமையால் அன்றோ பிற்காலத்தார் அவரைக் கண்டுகொள்ள முடிந்தது! செய்வன திருந்தச் செய்தோரின் உழைப்பு, காலம் தாழ்ப்பினும் பயன் தராமற் போவதில்லை என்பதற்கு ஸ்காட் ஜாப்ளினின் வாழ்வு சிறந்த சான்றாகும்.