பசியறிந்த பண்டிதை

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மணிமேகலையின் கதையை ஆசிரியை சொல்லக் கேட்டிருக்கிறேன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கிடைத்தால் யார்தான் சோறு போடமாட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். அந்தப் பாத்திரம் இல்லாமலேயே ஏறத்தாழ 2,000 பேருக்குச் சோறு போட்ட ஒரு பெண்மணியைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அவர்தான் பண்டிதை ரமாபாய்.

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே சமஸ்கிருத அறிஞர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பது தவறு எனக் கருதப்பட்ட காலத்தில் தம் மனைவிக்கு அதைக் கற்பித்தவர். தாயிடமிருந்து மகள் கற்றார். ஊர் ஊராகச் சென்று புராணம் வாசிப்பதே அக்குடும்பத்தின் பிழைப்பு.

1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. நகைகளும் பாத்திரங்களும் ஒவ்வொன்றாக விலைபோயின. பண்டிதர் குடும்பமாயிற்றே! கூலி வேலை செய்யவும் கூச்சம். பிச்சை கேட்கவும் கூச்சம். வேறு தொழிலும் தெரியாது. இலைதழைகளைத் தின்று தண்ணீரைக் குடித்து நாளைக் கழித்தார்கள். தந்தை, தாய், அக்காள் என மூவரும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய ரமாபாயும் அண்ணனும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றினர். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் அவருடைய புலமையை வியந்து பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களைச் சூட்டினர். பட்டம் தந்த அதே படிப்பு பெற்றோரின் உயிரைக் காக்கவில்லை. இதை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1880-இல் அண்ணன் இறந்தார். 1882-இல் கணவரும் காலராவுக்குப் பலியானார். கைக்குழந்தையோடு விதவையானபோது ரமாபாய்க்கு வயது 23. என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். 1883-இல் இங்கிலாந்து சென்று கிறிஸ்துவரானார். 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் பள்ளியைத் தொடங்கி, பின்னர் பூனாவுக்கு மாற்றினார்.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. பழைய பசி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. நேரில் சென்றார். எலும்பும் தோலுமாகக் கிடந்த சிறுமிகளை, தீயவர் கைகளில் சிக்குமுன் அழைத்து வந்தார். ஏறக்குறைய 300 பேர்! பிளேக் நோய் பரவியிருந்ததால் பூனாவில் அவர்களைத் தங்கவைக்க அதிகாரிகள் இசையவில்லை. பழத்தோட்டம் போடுவதற்காகக் கேட்காவ் கிராமத்தில் வாங்கியிருந்த நிலத்தில் கூடாரமடித்துக் குடியேற்றினார். அதுவே முக்தி இல்லமானது. 1900-இல் குஜராத்தும் பஞ்சத்தில் வாடியபோது அங்கிருந்தும் குழந்தைகள் வந்தனர்.

ரமாபாய் சோற்றோடு நின்றுவிடவில்லை. எழுத்தோடு நெசவு, தையல், விவசாயம், அச்சுக்கோத்தல் என ஒவ்வொருவர் கைக்கும் ஒரு தொழிலைத் தந்தார். தம் பெற்றோரிடம் இல்லாமற்போனது அதுதானே!

சோற்றைக் காட்டி மதம் மாற்றினார் என்ற பழி அவர்மீது உண்டு. அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. முக்தியில் பிள்ளைகள் கிறிஸ்துவ நெறியிலேயே வளர்க்கப்பட்டனர். 1893-இலேயே இந்தக் காரணத்தால் சாரதா சதனிலிருந்து பல மாணவியரைப் பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டனர். பசித்த பிள்ளைக்கு மதத்தைத் தேர்ந்தெடுக்கும் வலிமை ஏது? இந்த நெருடல் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும், அக்குழந்தைகள் சாலையோரம் கிடந்தபோது தேடிப்போய்த் தூக்கியவர் அவர் என்பதை மறைப்பது நன்றியாகாது.

பைபிளை மராத்தியில் மொழிபெயர்க்கும் பணியில் இறுதிவரை உழைத்த ரமாபாய், மகள் மனோரமா இறந்த மறு ஆண்டே, 1922 ஏப்ரல் 5-இல் காலமானார். முக்தி இல்லம் இன்றும் இயங்குகிறது.

நண்பர்களே, நாமும் அன்பளிப்பாக அரிசிப் பைகளைச் சுமந்து செல்கிறோம்; படம் எடுத்துத் திரும்புகிறோம். அந்த அரிசி தீர்ந்த மறுநாள் அவ்வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? அடுத்த முறை புறப்படுமுன் இதையும் நாம் பேசிக்கொள்வோம்.