வாசலில் நின்ற குருவானவர்

பிரியமான பங்கு மக்களே,

கோவில் வாசலில் கை நீட்டுகிறவர்களைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் குறை கூறியிருக்கிறீர்கள். குடித்துவிட்டு வருகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், வழிமறித்துக் காசு கேட்கிறார்கள் என்கிறீர்கள். அதில் நியாயமுண்டு. ஆயினும் எல்லாரையும் ஒருமிக்க விரட்டுமுன், ஜனவரி 16-ந் தேதி நாம் கொண்டாடும் அர்ச். ஜோசப் வாஸ் சுவாமியாருடைய சரித்திரத்தைச் சற்றுக் கேளுங்கள்.

அவர் 1651-ம் ஆண்டு கோவா நாட்டில் பிறந்து, 1676-ல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தி, சத்திய வேதத்தைத் தடை செய்திருந்தார்கள். மேய்ப்பரின்றித் தவித்த அந்த மந்தையைத் தேடி, அவர் 1687-ல் நமக்கு அண்டையிலுள்ள தூத்துக்குடியில் தோணி ஏறி, யாழ்ப்பாணம் சேர்ந்தார். குருவென்று தெரிந்தால் பிடிபடுவார். ஆகையால் பிச்சைக்காரக் கோலம் பூண்டார்.

வேஷம் மெய்யாகவே ஆயிற்று. வயிற்றுக்கடுப்பு கண்டு, கவனிப்பாரின்றிக் கிடந்தார். பிறர் வார்த்த கஞ்சியினால் உயிர் பிழைத்தார். பின்பு கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாய்ப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யார் முகம் மலருகிறது என்று கவனிப்பதே அவர் உபாயம். அப்படி அடையாளம் கண்ட விசுவாசிகளுக்கு, நெடுங்காலத்துக்குப்பின் பாவசங்கீர்த்தனமும் திவ்விய பூசையும் கிடைத்தன.

1692-ல் கண்டிக்குப் போனபோது, ஒற்றனென்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். 1697-ல் அவ்வூரில் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டபோது, அவர்களைப் பராமரித்து, இறந்தவர்களை அடக்கம் செய்தவர் அவரே. அன்று கஞ்சிக்குக் கையேந்தியவர், இன்று பிறருக்கு ஊட்டினார். 1711-ல் கண்டியில் மரித்தார். பரிசுத்த பாப்பானவர் பிரான்சிஸ் 2015-ல் கொழும்பில் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

நம் வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் அர்ச்சியசிஷ்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தொல்லை செய்கிறவனைக் கண்டியுங்கள், மிஞ்சினால் போலீசாரிடம் சொல்லுங்கள், அது பாவமல்ல. ஆனால் ஒருவன் குற்றத்துக்காகப் பத்துப்பேரை ஏசாதீர்கள். மழை பொய்த்த வருஷங்களில் நம் கரிசல்காட்டுக் குடும்பங்களும் பிழைப்புத் தேடி ஊர் ஊராய் அலைந்ததுண்டே! காசு கொடுக்க மனம் தயங்கினால் சோறு கொடுங்கள். பெயரும் ஊரும் விசாரியுங்கள். நோயாளியானால் எனக்குத் தெரிவியுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வழி பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் கஞ்சி வார்த்த கைகள், ஒரு குருவைக் காப்பாற்றுகிறோம் என்று அறிந்தா வார்த்தன? பசித்தவன் என்று மாத்திரமே அறிந்திருந்தன. நமக்கும் அது போதும்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு