குழாய்த் தண்ணீர் காட்டிய ரகசியம்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு "ரிங்கர் லாக்டேட்" பாட்டில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ரிங்கர் என்பது ஒரு டாக்டரின் பெயர்!

சிட்னி ரிங்கர் 1835-ல் இங்கிலாந்தில் நார்விச் நகரில் பிறந்தவர். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். நோயாளிகளைக் கவனித்தது போக மிச்ச நேரத்தில்தான் ஆராய்ச்சி.

தவளையின் இருதயத்தைத் தனியே எடுத்து, அதனுள் உப்புத் தண்ணீர் ஓடவிட்டார். அது நன்றாகத் துடித்தது. 1882-ல் இந்த ஆராய்ச்சி பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. உப்பைக் கரைத்தது காய்ச்சி வடித்த நீரில் அல்ல; லண்டன் குழாய்த் தண்ணீரில்! வடித்த நீரில் கரைத்துப் பார்த்தார். துடிப்பு குறைந்தது, இருதயம் நின்றேவிட்டது. கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்த்தார். மறுபடி துடித்தது!

குழாய்த் தண்ணீரில் அந்தச் சத்து இருந்திருக்கிறது. பெரிய டாக்டர் இதை மறைத்திருக்கலாம். அவர் மறைக்கவில்லை. நடந்ததை 1883-ல் தாமே எழுதி அச்சிட்டார்.

இருதயத் தசையின் உயிரணுக்களில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. அவை திறந்து சுண்ணாம்புச் சத்து உள்ளே புகுந்தால்தான் இருதயம் சுருங்கும். இந்த வாசல்களின் கதை வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ரிங்கர் 1910-லேயே காலமாகிவிட்டார். அவருடைய கலவையில் லாக்டேட்டைச் சேர்த்தவர், 1930-களில், ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர்.