வக்கீல் தொழிலிலிருந்து ஏட்டுச் சுவடிக்கு: எஸ். வையாபுரிப் பிள்ளை

கொல்கத்தா நகரின் ஆலிப்பூர் பகுதியிலுள்ள தேசிய நூலகத்தில் ஒரு தமிழரின் பெயரால் அமைந்த தனித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் அச்சு நூல்களும், முந்நூற்றுக்கு மேற்பட்ட சுவடிகளும் அதில் அடங்கியுள்ளன. அவற்றைத் தம் வாழ்நாளெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் என்ற முறையில் அவரை அறிந்தவர் பலர். ஆனால் அவர் சட்டம் பயின்ற ஊரும், வக்கீலாகக் கறுப்பு அங்கி அணிந்த ஊரும், பதிப்புத் துறையில் அடியெடுத்து வைத்த ஊரும் திருவனந்தபுரம் என்பதை அறிந்தவர் சிலரே.

அந்தச் சுவடிகளின் தடத்தைப் பின்பற்றிச் சென்றால் சென்னை, திருநெல்வேலி ஆகிய ஊர்களைக் கடந்து, திருவிதாங்கூரின் தலைநகரில்தான் வந்து நிற்க வேண்டும்.

நெல்லையில் பிறப்பு

திருநெல்வேலிச் சீமையில் சிக்கநரசய்யன் கிராமத்தில் 1891-ம் ஆண்டு அக்டோபர் 12-ம் தேதி வையாபுரிப் பிள்ளை பிறந்தார். தந்தையார் சரவணப் பெருமாள், தாயார் பாப்பம்மாள். பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் படித்து, பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். தமிழில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறியதற்காகச் சேதுபதி தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

தமிழில் இத்தனை தேர்ச்சி இருந்தும், அந்தக் காலத்துப் பட்டதாரிகள் பலரையும்போல அவரும் சட்டத்தையே தொழிலாகத் தேர்ந்துகொண்டார். நெல்லைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் அயலூர் அல்ல. அங்கு 1875-ல் தொடங்கப் பெற்ற சட்டக் கல்லூரி நற்பெயர் பெற்று விளங்கியது. அதில் பயின்று தேறி, திருவனந்தபுரத்திலேயே ஏழாண்டுக் காலம் வக்கீலாகப் பணியாற்றினார். அதன் பின் மூன்றாண்டுகள் திருநெல்வேலியில் தொழில் நடத்தினார்.

சட்டமும் தமிழும் கலந்த நகரம்

அக்காலத் திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கு ஒரு தனிப் போக்கு இருந்தது. அதை வளர்த்தவர்களில் பலர் தமிழைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். திருவிதாங்கூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. ஜி. சேஷையர், சங்க காலச் சேர மன்னர்களின் வரலாற்றை ஆராய்ந்தார். அவருடைய நூல் 1937-ல் வெளிவந்தது. திருவிதாங்கூர் போலீஸ் இலாகாவில் பணியாற்றிய கே. என். சிவராஜ பிள்ளை, பண்டைத் தமிழரின் கால வரன்முறையை ஆராய்ந்து 1932-ல் நூல் வெளியிட்டார். நீதிபதியும், போலீஸ் அதிகாரியும், வக்கீலுமாக ஒரே நகரில் வாழ்ந்தவர்கள் பழந்தமிழின் காலத்தை விசாரிக்க முற்பட்டதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. சாட்சியத்தை எடைபோட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

மகளிர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நட்பும் வையாபுரிப் பிள்ளைக்கு இந்நகரில் வாய்த்தது. கவிமணியைக் கவிஞராகவே பலரும் அறிவர். கல்வெட்டுகளைத் தேடி ஊர் ஊராகச் சென்ற ஆராய்ச்சியாளராகவும் அவர் விளங்கினார். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழிச் சொத்துரிமையால் மனைவி மக்கள் படும் அல்லலை நகைச்சுவையோடு அவர் பாடிய மான்மியம், திருவனந்தபுரத்தில் வெளிவந்த தமிழன் பத்திரிகையில் 1917, 1918-ம் ஆண்டுகளில் தொடர்ந்து வந்தது. பின்னர் 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இயற்றப்பட்டு அந்த முறை மாறியது. சட்டமும் தமிழும் அந்நகரில் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதற்கு இது ஒரு சான்று.

மனோன்மணீயம்

இவர்கள் அனைவருக்கும் முன்னோடியாக விளங்கியவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், 1891-ல் மனோன்மணீயம் என்ற நாடகத்தை வெளியிட்டார். வையாபுரிப் பிள்ளை பிறந்ததும் அதே ஆண்டில்தான். நாற்பத்திரண்டாம் வயதில், 1897-ல் சுந்தரம் பிள்ளை காலமானார்.

திருஞானசம்பந்தரைக் கால்டுவெல் 13-ம் நூற்றாண்டில் வைத்திருந்தார். சுந்தரம் பிள்ளை அதனை மறுத்து, சம்பந்தர் 7-ம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று சான்றுகளை அடுக்கி நிறுவினார். சம்பந்தர் காலம் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் முன்னே சென்றது. தமிழ்நாடு அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது.

அந்த மனோன்மணீயத்தை 1922-ல் வையாபுரிப் பிள்ளை பதிப்பித்தார். தாம் நேரில் அறியாத ஒரு பெரியாரின் நூலை அவர் வாழ்ந்த நகரிலிருந்தே எடுத்துப் பதிப்பித்த அந்தப் பணி, வக்கீலின் வாழ்க்கையைத் திசை திருப்பியது. சுந்தரம் பிள்ளையின் ஆராய்ச்சி முறையையும் அவர் விடாது பற்றிக்கொண்டார். அதற்குக் கிடைத்த பலன் மட்டும் வேறு விதமாக அமைந்தது.

பேரகராதி

சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேலை 1913-ல் சாண்ட்லர் பாதிரியார் தலைமையில் தொடங்கியது. ஒரு லட்சம் ரூபாயில் முடித்துவிடலாம் என்று போட்ட திட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1926-ல் அதன் பதிப்பாசிரியர் பொறுப்பு வையாபுரிப் பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. மூத்த புலவர்கள் பணியாற்றிய இடத்துக்கு, நீதிமன்றத்திலிருந்து வந்த ஒருவர் தலைவரானார்.

பத்தாண்டுகளில், 1936-ல், ஆறு தொகுதிகளும் நிறைவு பெற்றன. அனுபந்தம் 1939-ல் வெளிவந்தது. செலவு நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள், பொருளுக்கு இலக்கியத்திலோ வழக்கிலோ ஆதாரம். ஆதாரம் காட்டாத பொருளுக்கு மதிப்பில்லை என்பது அந்த அகராதியின் அடிப்படை. வடமொழி மூலம் காட்டப்பட்ட சொற்களைக் குறித்துத் தனித்தமிழ் அறிஞர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனங்களில் சில நியாயமானவையே. ஆயினும் அந்த அகராதியை ஒதுக்கிவிட்டுப் பழந்தமிழ் பயில இன்றும் எவராலும் இயலாது.

சுவடியும் சாட்சியமும்

அகராதி வேலையோடு சுவடி தேடும் வேலையும் வளர்ந்தது. அச்சேறாத நிகண்டுகளிலும் சிற்றிலக்கியங்களிலும் அகராதிக்கு வேண்டிய சொற்கள் கிடந்தன. நாமதீப நிகண்டு, அரும்பொருள் விளக்க நிகண்டு, களவியற்காரிகை, குருகூர்ப் பள்ளு என 1930 முதல் ஆண்டுதோறும் அவர் பதிப்பித்த நூல்கள் வெளிவந்தன.

பழைய ஏட்டைப் படிப்பது எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அவ்வாறே. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஏட்டில் உள்ள இரண்டெழுத்து எரியா, ஏரியா என்பதைப் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். ஒரு பிரதியை மட்டும் நம்பினால் பிழை நேரும். எனவே கிடைக்கும் பிரதிகளையெல்லாம் சேர்த்து, எது மூலத்துக்கு நெருங்கியது, எது எதைப் பார்த்து எழுதியது என்று கண்டு, பாட வேறுபாடுகளையும் குறிக்க வேண்டும். மூல ஆவணம் எது, நகல் எது, இடைச்செருகல் எது என்று பிரித்தறிவது வக்கீலின் அன்றாட வேலை. அந்தப் பயிற்சி ஏடுகளிடையே அவருக்குக் கைகொடுத்தது.

இந்த வழியில் அவருக்குத் துணையாக அமைந்தவர்களில் ஒருவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. அவரும் நெல்லைச் சீமைக்காரர், அவரும் வக்கீல். கப்பல் ஓட்டிச் சிறை சென்று மீண்ட வ.உ.சி., தொல்காப்பிய இளம்பூரணர் உரையை அச்சேற்றும் பணியில் இறங்கியபோது வையாபுரிப் பிள்ளை அவரோடு சேர்ந்து உழைத்தார். 1936-ல் வ.உ.சி. மறைவதற்கு முன்பே அந்தப் பணியின் பெரும்பகுதி நிறைவேறியது.

1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்த் துறைத் தலைவராக இருந்த காலத்தில் அவர் பதிப்பித்த புறத்திரட்டு மிக முக்கியமானது. மறைந்துபோன பல தமிழ் நூல்களின் செய்யுட்கள் அந்தத் திரட்டில்தான் உயிர் தப்பியிருக்கின்றன. முத்தொள்ளாயிரத்தையும் தகடூர் யாத்திரையையும் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அதிலிருந்து கிடைத்ததே. சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940-ல் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் பாட்டுகளைப் புலவர் வாரியாகத் தொகுத்துத் தந்ததும் அவருடைய உழைப்பே.

கால ஆராய்ச்சியும் எதிர்ப்பும்

தமிழ் நூல்களின் காலத்தை அவர் விசாரிக்க முற்பட்டபோதுதான் புயல் எழுந்தது. சொல் வழக்கு, இலக்கண அமைதி, பிற நூல்களிலிருந்து எடுத்தாண்ட கருத்துகள், சமயச் செய்திகள் ஆகியவற்றை வைத்து அவர் முடிவு கட்டினார். தொல்காப்பியம் கி.பி. 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், திருக்குறள் கி.பி. 600-ஐ ஒட்டியது என்றும், சிலப்பதிகாரம் கி.பி. 8-ம் நூற்றாண்டினது என்றும் அவர் கூறினார்.

தமிழின் தொன்மை மக்களின் பெருமையாகவும் அரசியல் உணர்ச்சியாகவும் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. சுந்தரம் பிள்ளை சான்று காட்டிக் காலத்தை முன்னே கொண்டுசென்றபோது கிடைத்த பாராட்டுக்கு மாறாக, வையாபுரிப் பிள்ளை சான்று காட்டிக் காலத்தைப் பின்னே கொண்டுவந்தபோது வசைமாரியே கிடைத்தது. தமிழ்ப் பகைவர் என்று மேடைகளில் அவர் தூற்றப்பட்டார். கட்சிக்காரருக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துச் சொல்லும் உரிமை நீதிமன்றத்தில் வக்கீலுக்கு உண்டு. ஆராய்ச்சியில் அந்த உரிமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் முடிவுகளெல்லாம் நிலைத்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. புகளூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேர அரசர்களின் பெயர்கள் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965-ல் படித்து வெளியிட்டார். அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் கொண்ட ஜம்பைக் கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 2015 முதல் கீழடியில் நடந்த அகழாய்வுகள் தமிழ்நாட்டு நாகரிகத்தின் காலத்தை மேலும் முன்னே கொண்டுசென்றன. இவையெல்லாம் அவர் காணாத சான்றுகள். சிலப்பதிகாரத்தை 8-ம் நூற்றாண்டுக்குத் தள்ளியதை இன்று ஏற்போர் குறைவு. திருக்குறள் சங்கப் பாட்டுகளுக்குப் பிற்பட்டது என்ற அவர் கருத்தை, ஓரிரு நூற்றாண்டு வேறுபாட்டோடு, ஆராய்ச்சியாளர் பலர் ஏற்கின்றனர். அவரை மறுக்க வந்தவர்களும் கல்வெட்டையும் மண்ணடியில் கிடைத்த பானை ஓட்டையும் காட்டித்தான் மறுக்க வேண்டியிருந்தது. வெறும் ஆவேசத்தால் அது முடியவில்லை.

மீண்டும் திருவனந்தபுரம்

வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த ஒரு லட்சம் ரூபாய் நன்கொடையைக் கொண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் தமிழ் ஆராய்ச்சித் துறை ஏற்பட்டது. அதன் முதல் தலைவராக இருந்தவர், அகராதி அலுவலகத்தில் தலைமைப் பண்டிதராக இருந்த மு. இராகவையங்கார். அவருக்குப் பின், 1951-ல், வையாபுரிப் பிள்ளை அப்பதவிக்கு வந்தார். இளம் வக்கீலாக வாழ்ந்த நகருக்கு, அறுபதாம் வயதில் பேராசிரியராகத் திரும்பினார்.

அவர் பணியாற்றிய 1951 முதல் 1954 வரையான ஆண்டுகள் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்குச் சோதனையான ஆண்டுகள். தென் தாலுகாக்களைச் சென்னை மாகாணத்தோடு இணைக்கும் போராட்டம் வலுத்துவந்தது. 1954 ஆகஸ்டில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. வெளியே எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தபோது, பல்கலைக் கழகத்தில் தமிழாராய்ச்சி இடையறாது நடந்துவந்தது. பின்னர் அத்துறைக்குத் தலைமை ஏற்ற வ. அய். சுப்பிரமணியம், புறநானூற்றுக்குச் சொல்லடைவு தயாரித்து 1962-ல் வெளியிட்டார். ஆதாரத்தை முன்வைக்கும் ஆராய்ச்சி மரபு திருவனந்தபுரத்தில் தொடர்ந்தது.

மறைவு

1956 பிப்ரவரி 17-ம் தேதி சென்னையில் வையாபுரிப் பிள்ளை காலமானார். தமிழ் மொழி, இலக்கிய வரலாறு பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. நவம்பர் முதல் தேதி கேரள மாநிலம் உருவாகி, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்ததை அவர் காணவில்லை.

அவர் சேர்த்த நூல்களும் சுவடிகளும் கொல்கத்தா சென்று சேர்ந்தன. தமிழ்நாட்டிலோ, அவர் தொழில் தொடங்கிய திருவனந்தபுரத்திலோ அவை இல்லையே என்ற குறை தமிழன்பர்களுக்கு இருப்பது இயல்பே. அவை அழியாமல் ஓரிடத்தில், அவர் பெயராலேயே காக்கப்பட்டு வருகின்றன என்பது ஆறுதல். எத்தனையோ புலவர்களின் ஏடுகள் ஆற்றிலும் அடுப்பிலும் போன நாடு இது.

தம் முடிவை மறுக்க விரும்புவோருக்கும் பயன்படக்கூடிய சான்றுகளை அவர் சேர்த்து வைத்துவிட்டுச் சென்றார். வீட்டுப் பரணில் பழைய ஏடு ஏதேனும் கிடந்தால், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று குறித்து, உரிய நூலகத்தில் ஒப்படைப்பதே திருவனந்தபுரத்துத் தமிழர்கள் அந்த வக்கீலுக்குச் செலுத்தக்கூடிய நன்றியாகும்.