கல்வி வழி திறந்த அய்யன்காளி

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே அரணென நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால் முன்னாளில் திருவிதாங்கூர் அரசு இருந்தது. அந்நாட்டின் தென்பகுதியில், வெங்ஙானூரில், 1863ஆம் ஆண்டு புலையர் குலத்தில் அய்யன்காளி பிறந்தார். அக்குலத்தார்க்குப் பொதுவழியும் பள்ளியும் அந்நாளில் மறுக்கப்பட்டிருந்தன. எழுத்தறியும் வாய்ப்பின்றி வளர்ந்த அவர், 1893ஆம் ஆண்டில் வில்வண்டி ஏறிப் பொதுவழியே துணிந்து சென்றார்.

1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க அரசு இசைந்தும் நிலவுடைமையாளர் இணங்கவில்லை. தம் மக்கள் பள்ளி புகும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர் அவர் தலைமையில் உறுதி பூண்டனர். வயல்கள் தரிசாயின, பசி வாட்டியது. அய்யன்காளி கடற்கரை மீனவரிடம் அவர்களுக்கு வேலை தேடித் தந்தார், உழைப்பாளர் தளரவில்லை.

ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்ப்பதற்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் அழைத்துச் சென்றார். அது பொறாத பகைவர் பள்ளிக்கே தீயிட்டனர். எரிந்து எஞ்சிய விசிப்பலகை ஒன்று இன்றும் அங்கே பேணப்படுகிறது.

ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினரான பின்னரும் அவர் கல்விக்காக வாதாடினார். 1941ஆம் ஆண்டில் மறைந்தார். தாம் பெறாத கல்வியைப் பிறர் பெற வாழ்நாளெல்லாம் உழைத்த அப்பெரியாரை நாம் மறவாதிருப்போமாக.